ஏழாம் பாகத்தில் காணாமல் போன கோடாலி

பனிச்சரிவில் மாட்டிக்கொண்ட மூன்றாம் நாள் காலை, சாப்பாட்டுக் கடைக் கதவை யாரோ தட்டினார்கள். திறந்து பார்த்தால் ஒரு காக்கை. பறக்க இடமில்லாமல் நடந்தே வந்திருந்தது.

நம்ப வேண்டாம். ஆனால் இதற்கு மேல் நான் சொல்லப்போவதை நீங்கள் நம்பித்தான் ஆகவேண்டும். மேஜர் புருல் எல்லாவற்றையும் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறார். காக்கையை மட்டும் எழுத மறுத்துவிட்டார்.

மேஜர் புருல் போலீஸில் இருபத்தேழு வருடம் புலன்விசாரணை பார்த்து ஓய்வு பெற்ற பெண்மணி. இப்போது தலைநகர் பிஷ்கெக்கில் சொந்தமாகத் துப்பறிகிறார். நான் தோக்தோசுன். அவருடைய காரை ஓட்டுகிறேன். கார் ஓடாத நேரத்தில் என் வாய் ஓடும். வயது எழுபத்தொன்று. அதில் இரண்டு வருடத்தை ஒரு கரடியிடம் பறிகொடுத்தேன், அது வேறு கதை.

நாங்கள் ஒஷ் நகரத்துக்குப் போய்க்கொண்டிருந்தோம். சூசமிர் பள்ளத்தாக்கில் கார் இறங்கியதும், பின்னால் வடக்குக் கணவாயில் ஒரு மலை சரிந்தது. முன்னால் தெற்குக் கணவாயில் இன்னொன்று சரிந்தது. இரண்டு வாசலையும் வெளியே தாழ் போட்ட வீடு மாதிரி ஆகிவிட்டது பள்ளத்தாக்கு. நடுவில் சாலையோரம் இந்த ஒரே கடை. அதற்குள் ஏழு லாரி டிரைவர்கள், ஒரு அடுப்பு, ஒரு டிவி, கடைக்காரப் பெரியவர், அவர் மனைவி குல்சுன். சமையலறைத் திரைக்குப் பின்னால் பல்வலியோடு ஒரு மருமகள். அவளை யாரும் பார்த்ததில்லை. அவள் சமைத்ததைத்தான் எல்லோரும் சாப்பிட்டோம்.

எங்களோடு வந்த எசென்குல்லை மறந்துவிட்டேன். மறக்கத் தகுந்த மனிதர்தான். ஆனால் வழக்கு அவருடையது. ஒஷ்ஷில் ஏதோ அலுவலகத்தில் துணைத் தலைவர். பனிக்குள் புதைந்த மூன்றாம் நாளும் டை கட்டியிருந்தார்.

அவருடைய அண்ணன் மகள் பெர்மெத். வயது இருபத்திமூன்று. தகப்பன் இல்லாத பெண், சித்தப்பா எசென்குல்தான் வளர்த்தார். நாலு மாதத்துக்கு முன் காணாமல் போய்விட்டாள்.

"தூக்கிட்டுப் போயிட்டாங்க மேடம்" என்று எசென்குல் எங்கள் அலுவலகத்தில் வந்து அழுதார்.

எங்கள் நாட்டில் இந்த வாக்கியத்துக்கு விளக்கம் தேவையில்லை. வழியில் போகிற பெண்ணைக் காரில் அள்ளிப்போட்டுக்கொண்டு போய், தலையில் வெள்ளை முக்காட்டைப் போட்டு, இனி நீ எங்கள் வீட்டு மருமகள் என்று சொல்கிற அயோக்கியத்தனம் அது. அந்த வேலை செய்த பதினாலு பேரை மேஜர் உள்ளே தள்ளியிருக்கிறார். பதினைந்தாவது ஆளுக்கு விலங்கு எடுத்து வைத்துவிட்டுத்தான் புறப்பட்டார்.

கையில் இருந்தது ஒரே ஒரு துப்பு, அதுவும் ஒரு பென் டிரைவ். பெர்மெத் வெளிநாட்டுத் தொடர்களுக்கு எங்கள் மொழியில் சப்டைட்டில் எழுதி, புனைபெயரில் இணையத்தில் போடுவாள். கடைசியாக எடுத்துக்கொண்டது 'ஈர விறகு' என்ற நார்வே கொலைத் தொடர். மொத்தம் பத்துப் பாகம். ஆறு பாகம் எழுதியபோது அவள் சித்தப்பா வீட்டில் இருந்தாள். காணாமல் போன பிறகும் ஏழு, எட்டு, ஒன்பது, பத்து என்று ஒவ்வொன்றாக வந்துகொண்டே இருந்தன. பத்தையும் அந்தப் பென் டிரைவில் இறக்கி வைத்திருந்தோம். ஆக, உயிரோடு இருக்கிறாள். எங்கே என்பதுதான் தெரியவில்லை.

"பத்தையும் உட்கார்ந்து பார்த்தா எங்கேயாவது ஒரு நூல் தொங்கும்" என்றார் மேஜர். மாட்டிக்கொண்ட முதல் நாளே பென் டிரைவைக் கடை டிவியில் செருகினோம். மின்சாரம் வருகிற நேரமெல்லாம் பார்த்து, இரண்டு நாளில் ஆறு பாகம் முடிந்திருந்தது. நூலைக் காணோம்.

மூன்றாம் நாள் காலை கடைக்குள் கலகம் வெடித்தது.

"போதும்க்கா, கண்ணு அவிஞ்சு போச்சு" என்றான் கெனேஷ். வெங்காய லாரி டிரைவர். "இப்படி வரிவரியா படிக்கிறவனா இருந்தா நான் ஏன் லாரி ஓட்டறேன்? டப்பிங் பண்ணின படம் எதுவும் இல்லையா?"

"டப்பிங்ல என்னடா இருக்கு?" என்றேன். "கொலைகாரனுக்கும் செத்தவளுக்கும் ஒரே ஆள் குரல் கொடுப்பான். அவனுக்கும் சளி பிடிச்சிருக்கும்."

"அதுல ஒரு நிம்மதி இருக்கு பெரியவரே. ரொட்டியைப் பார்த்து சாப்பிடலாம். நேத்து ராத்திரி இதைப் படிச்சுக்கிட்டே எவனோட சூப்பையோ குடிச்சுட்டேன்."

கடைக்காரப் பெரியவர் டிவிக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து சேணத்துக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார். மூன்று நாளாக அதே நாற்காலி, அதே முதுகு. திரும்பாமலே தீர்ப்பு சொன்னார்: "படம்னா பார்க்கணும். படிக்கணும்னா அதுக்குப் பேரு பேப்பர்."

"ரொம்பச் சரி" என்றார் எசென்குல். "சுத்த நேர விரயம்."

மேஜர் தேநீர்க் கிண்ணத்தைக் கீழே வைத்தார். "சரி, நிறுத்திடலாம். அதுக்குப் பதிலா நம்ம தோக்தோசுன் அண்ணன் கரடிக் கதை சொல்வார். ஏழாம் பாகம் வேணும்ங்கறவங்க கை தூக்குங்க."

ஏழு டிரைவர்களும் கை தூக்கினார்கள். கெனேஷ் இரண்டு கையையும் தூக்கினான். நான் இதைத் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை. இன்றைக்குத் தேதி வரை அவனோடு நான் பேசுவதில்லை, அவ்வளவுதான்.

ஏழாம் பாகம் ஓடியது. நார்வேக்கார இன்ஸ்பெக்டர் மரக்கொட்டகைக் கதவைத் திறக்கிறார். சுவரில் ஆணி இருக்கிறது. ஆணியில் தொங்க வேண்டிய கோடாலி இல்லை. இசை எகிறுகிறது. அவர் கத்துகிறார். கீழே எழுத்து ஓடியது:

சுவரில் மரம் பிளப்பது இல்லை!

"என்னது இல்லை?" என்றான் கெனேஷ்.

அடுத்த வரி வந்தது: அந்தக் கைப்பிடி போட்ட கூரானதை யார் எடுத்தார்கள்?

"இதென்ன விடுகதையா? நேத்து வரைக்கும் ஒழுங்காத்தானே கோடாலின்னு எழுதினாங்க? இப்போ என்ன வந்துச்சு?"

மேஜர் வாய்க்குக் கொண்டுபோன எண்ணெய் ரொட்டியை அப்படியே பிடித்துக்கொண்டிருந்தார். "நிறுத்துங்க."

நார்வேக்காரர் வாயைத் திறந்தபடி உறைந்தார்.

"ஆறாவதைத் திரும்பப் போடுங்க. ஓட்டி ஓட்டிக் காட்டுங்க. அண்ணே, எத்தனை கோடாலின்னு எண்ணுங்க."

நான் ரொட்டித் துண்டுகளை வரிசையாக வைத்து எண்ணினேன். ஆறாம் பாகத்தில் பத்தொன்பது கோடாலி. ஏழாம் பாகத்தில் ஒன்றுகூட இல்லை. எட்டாவதில் 'விறகுக்காரனின் நண்பன்'. ஒன்பதாவதில் 'அது'. எண்ணி முடித்ததும் சாட்சியங்களைச் சாப்பிட்டுவிட்டேன்.

மேஜர் என்னை அடுப்புப் பக்கம் தள்ளிக்கொண்டு போனார். குரல் தாழ்ந்தது.

"அண்ணே, உங்க அப்பா பேரு என்ன?"

"தெமிர். 'இரும்பு'ன்னு அர்த்தம். ஏன், கேஸ்ல அவரையும் சேர்க்கறீங்களா?"

"அண்ணி அந்தப் பேரை எப்பவாவது சொல்லியிருக்காங்களா?"

"மாமனார் பேரை மருமக சொல்லுவாளா மேஜர்? நாப்பத்தாறு வருஷமா அவ வாயில இரும்புங்கற வார்த்தையே வந்ததில்ல. இரும்புச் சட்டிய 'அந்தக் கனமானது'ம்பா. இரும்புக் கட்டில்னா 'அந்தப் பெரிய கனமானது'. ஒரு நாள் மருமகப்பிள்ளைகிட்ட 'திண்ணையோரம் கிடக்கற கனமானதைத் தூக்கி உள்ளே போடுங்க'ன்னா. அவன் என்னைத் தூக்கிட்டுப் போய்..."

"அண்ணே."

நான் நிறுத்தினேன். நிறுத்திய இடத்தில்தான் எனக்கே விளங்கியது.

"ஆறாம் பாகத்துக்கும் ஏழாம் பாகத்துக்கும் நடுவுல..." என்றேன்.

"பெர்மெத் ஒரு வீட்டுக்கு மருமகளாயிட்டா. அந்த வீட்டு மாமனார் பேருல கோடாலி இருக்கு. நம்ம மொழியில கோடாலி 'பால்தா'. அப்போ பால்தாபாய், பால்தாகுல், ஏதோ ஒண்ணு."

"நாடு முழுக்க ஆயிரம் பேர் இருப்பாங்களே."

"நேத்து அறுபது லட்சம் பேர்ல தேடினோம். இன்னிக்கு ஆயிரம். பரவாயில்ல."

எங்கள் கிசுகிசுப்பை மோப்பம் பிடித்து எசென்குல் வந்துவிட்டார். "ஏதாவது கிடைச்சுதா?"

"கணக்குப் பார்த்துட்டு இருக்கோம்" என்றார் மேஜர். "கிடைச்சா என்ன பண்றதா இருக்கீங்க?"

"முதல்ல போலீஸ்ல புகார். தூக்கிட்டுப் போனவன் பத்து வருஷம் உள்ளே இருக்கணும். பெர்மெத்தை அன்னிக்கே கூட்டிட்டுப் போயிடுவேன். எங்க டைரக்டர் பையனுக்குத் தர்றதா வாக்குக் குடுத்திருக்கேன். இலையுதிர் காலத்துலயே முடிஞ்சிருக்க வேண்டியது. இனியும் தள்ளினா என் முகத்துல முழிக்க மாட்டார்."

"பெர்மெத் சரின்னாளா?"

"சின்னப் பொண்ணு. அவகிட்ட என்ன கேட்கிறது?"

மேஜர் தலையசைத்தார். அந்தத் தலையசைப்பு எனக்குத் தெரியும். குறிப்பேட்டில் ஒரு வரி ஏறிவிட்டது என்று அர்த்தம்.

அந்த நேரத்தில் வாசல் கூரை 'கிறீச்' என்றது. குல்சுன் அம்மாள் மண்வெட்டியோடு வந்தார். "யாராவது மேலே ஏறிப் பனியைத் தள்ளுங்கப்பா. இல்லேன்னா கூரை நம்ம தட்டுல வந்து உட்காரும்."

இளைஞர்கள் ஏழு பேரும் தரையைப் பார்த்தார்கள். நான் ஏறினேன்.

மேலே போனால், பனி எவ்வளவு உயரம் என்றால், மண்வெட்டியை மேலே தூக்கினால் மேகத்தில் இடிக்கிறது. வடக்கே வெகுதூரத்தில், சரிந்த பனிக்கு மேல் கரும்புகை தெரிந்தது. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லோடர் பனியை வெட்டிக்கொண்டு வருகிறது. எப்படியும் ஒன்றரை மணி நேரத்தில் வந்துவிடும். தெற்குக் கணவாய்ப் பக்கமும் அதே மாதிரி இன்னொரு புகை நெருங்கிக்கொண்டிருந்தது.

வாசல் பக்கம் தள்ளத் தள்ள ஒரு நீலத் தகரம் எட்டிப் பார்த்தது. கடையின் பெயர்ப்பலகை. நாங்கள் வந்து சேர்ந்தபோதே பனி அதை மூடியிருந்தது. 'சாப்பாட்டுக் கடை' என்ற எழுத்துக்கள் முதலில் வந்தன. அதற்கு முன்னால் இருந்த பனியைக் கையுறையால் துடைத்தேன்.

பால்தாபாய்.

நான் கூரையிலிருந்து இறங்கவில்லை. கூரையும் நானும் சேர்ந்தே கொஞ்ச தூரம் இறங்கினோம்.

மூன்று நாளாக இந்தக் கடைக்குள் அந்தப் பெயரை ஒருவர்கூட உச்சரிக்கவில்லை. எப்படி உச்சரிப்பார்கள்? டிரைவர்களுக்கு அவர் 'பெரியப்பா'. மனைவிக்கு 'இங்க பாருங்க'. எங்கள் பக்கம் மூத்தவரைப் பெயர் சொல்லிக் கூப்பிடுவதும், அவர் தாடியைப் பிடித்து இழுப்பதும் ஒன்றுதான். ஊரெல்லாம் தேடப் புறப்பட்ட ஆள் எங்களுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்து வார் தைத்துக்கொண்டிருந்தார்.

உள்ளே வந்து மேஜர் காதில் சொன்னேன். அவர் திரும்பவில்லை. கண் மட்டும் சமையலறைத் திரைக்குப் போனது.

"பல்வலி" என்றார் மெல்ல.

"மூணு நாளா அந்தப் பல்வலி கையாலதான் சாப்பிடறோம். நேத்து உங்க எசென்குல் மூணாவது தட்டு வாங்கும்போது என்ன சொன்னார் தெரியுமா? 'எங்க வீட்டுக் கை மாதிரியே இருக்கு.'"

சொன்ன பிறகுதான் எனக்கே உறைத்தது. சித்தப்பாவின் பெஞ்சிலிருந்து அந்தத் திரைக்குப் பதினைந்து அடிகூட இருக்காது. கை கழுவும் தொட்டி திரையை ஒட்டித்தான் இருக்கிறது. சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் அவர் அங்கே போய்த்தான் கை கழுவினார். ஒவ்வொரு முறையும் அந்தத் துணிக்குப் பின்னால் ஒருத்தி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள். தான் எழுதிய தொடரையே யாரோ ஒரு பாகம் விடாமல் ஓடவிடுவதைக் கேட்டுக்கொண்டு, தேடி வந்தவர்களுக்கே ரொட்டி சுட்டுப் போட்டிருக்கிறாள். நாங்கள் பள்ளத்தாக்குக்குள் மாட்டிக்கொண்டோம். அவள் பத்தடிச் சமையலறைக்குள் மாட்டிக்கொண்டிருக்கிறாள். பால்தாபாய்க்கும் விஷயம் தெரிந்திருக்கும். ஆனால் வீட்டுக்கு வந்த விருந்தாளியைப் பனியில் தள்ள முடியுமா? அவரும் மாட்டிக்கொண்டுதான் வார் தைக்கிறார்.

"அப்போ வேலை முடிஞ்சுது" என்றேன். "வெளியே கூட்டிட்டு வந்து சித்தப்பாகிட்ட ஒப்படைக்க வேண்டியதுதானே?"

மேஜர் அடுப்பில் ஒரு கட்டையைப் போட்டார்.

"அண்ணே, ஜெயில்ல இருக்கறவன் லெட்டர் எழுதறான். வார்டன் கண்ணுல அது படவே படாதுன்னு தெரியும். வார்டனைப் பத்தி எப்படி எழுதுவான்?"

"நானா இருந்தா வார்டனோட ஏழு தலைமுறையையும் எழுதுவேன்."

"இந்த வீட்டுப் பெரியவர் டிவி பக்கம் திரும்பறதில்ல. அந்த அம்மாவுக்குக் கண்ணாடி இல்லாம எழுத்து தெரியாது. பெர்மெத் வேற பேர்ல, கண்ணுக்குத் தெரியாத ஆளுங்களுக்கு எழுதறா. அங்கே அவ தாராளமா கோடாலின்னு எழுதலாம். நூறு தடவை எழுதலாம். யாரு கேட்கப்போறா?"

"யாரும் இல்ல."

"ஆனா எழுதல. இல்லாத வார்த்தையெல்லாம் தேடித் தேடிப் போட்டிருக்கா. மிரட்டி உட்கார வெச்ச மருமக வாயைத்தான் கட்டுவா. யாரும் பார்க்காத இடத்துல கையைக் கட்ட மாட்டா."

எனக்குத் தலை சுற்றியது. கூரையின் பின்விளைவாகவும் இருக்கலாம்.

"அப்போ எசென்குல் சொன்னது..."

"நான் சொன்னது இதுவரைக்கும் வெறும் ஊகம். ஊகத்தை நம்பி நான் யாரையும் பிடிச்சதும் இல்ல, விட்டதும் இல்ல. அவளைத் தனியா கேட்கணும். நீங்க அந்தக் கரடிக் கதையை ஆரம்பிங்க. சித்தப்பா எழுந்திருக்கக் கூடாது."

நான் எசென்குல்லின் பெஞ்சுக்கு முன்னால் ஒரு முக்காலியைப் போட்டு, அவர் முழங்காலை என் முழங்காலால் அடைத்து உட்கார்ந்தேன். "ஐயா, என் வயசுல ரெண்டு வருஷத்தை ஒரு கரடி எடுத்துக்கிச்சு, தெரியுமோ?"

கெனேஷ் முனகினான். பரவாயில்லை. எனக்கு இரண்டு காது. ஒன்று என் கதையைக் கேட்டுக் கேட்டுப் பழகிச் செத்துப்போனது. உயிருள்ள காது திரைப்பக்கம் இருந்தது.

"பல்வலி எப்படி இருக்கு?" இது திரைக்கு உள்ளே போயிருந்த மேஜர்.

அதற்கு ஒரு மெல்லிய குரல்: "எந்தப் பல்லுன்னு மறந்துட்டேன்க்கா."

"நல்லா கேட்டுக்க. வெளியே என் கார் நிக்குது. நீ போகணும்னா நீ சொல்ற இடத்துக்குக் கூட்டிட்டுப் போவேன். சித்தப்பா வீடு வேண்டாம்னா வேண்டாம். இந்த வீடும் வேண்டாம்னா வேண்டாம். யாரும் தடுக்க முடியாது. உன்னைத் தூக்கிட்டு வந்தாங்களா?"

"...அந்தக் கரடி என்னைப் பார்த்து, உனக்கு எத்தனை வயசுன்னு கேட்டுச்சு" என்றேன் நான், சத்தமாக.

"நானே வந்தேன்க்கா. பஸ்ஸுல. டிக்கெட்கூட பத்திரமா வெச்சிருக்கேன். ஏர்மெக் ரோட்டுல மூணு மணி நேரம் நின்னுட்டு இருந்தாரு. தாடியெல்லாம் பனி. சித்தப்பாவுக்கு லெட்டர் எழுதி மேசை மேல வெச்சுட்டுத்தான் வந்தேன். எனக்கு அந்த டைரக்டர் பையன் வேண்டாம், நான் இஷ்டப்பட்ட வீட்டுக்குப் போறேன், தேடாதீங்கன்னு."

"லெட்டரா?"

"அவர் காட்டலையா?"

மேஜரின் பேனா குறிப்பேட்டில் கீறியது. அந்தச் சத்தத்தை நான் கரடியைக் கொண்டு மறைத்தேன்.

"இப்போ ஏர்மெக் எங்கே?"

"ரோட்டு லோடர் ஓட்டறது அவர்தான்க்கா. மூணு நாளா வீட்டுக்கு வழி வெட்டிட்டு இருக்காரு." குரல் உடைந்தது. "வந்து இறங்கினதும் சித்தப்பா புகார் குடுப்பாரு. தூக்கிட்டு வந்தான்னு. பத்து வருஷம். அவரா வெட்டிக்கிட்டு வந்து அவரே மாட்டப்போறாருக்கா."

வடக்கே ஹாரன் சத்தம் கேட்டது. நீளமாக மூன்று முறை. தெற்கிலிருந்தும் ஒரு ஹாரன் பதில் கொடுத்தது.

டிரைவர்கள் "ஓ!" என்று எழுந்தார்கள். எசென்குல் என் முழங்காலைத் தள்ளிவிட்டு எழுந்து டையைச் சரிசெய்தார். "ரோடு திறந்தாச்சு. கிளம்புங்க மேடம். மூணு நாள் வீணாப் போச்சு."

மேஜர் கூடத்தின் நடுவில் வந்து நின்றார். "வீணாகல. பெர்மெத்தைக் கண்டுபிடிச்சுட்டேன்."

பால்தாபாயின் ஊசி பாதி வழியில் நின்றது.

"எங்கே? யாரு அந்த நாய்?"

"சொல்றேன். அதுக்கு முன்னாடி ஒண்ணு. அவ எழுதி வெச்ச லெட்டர் எங்கே?"

"எந்த லெட்டர்?" என்றார் எசென்குல். வாய் அப்படிச் சொன்னது. கை டையின் முடிச்சுக்குப் போனது. காற்று போதாதவர் போல அதைத் தளர்த்தினார். போலீஸில் இருபத்தேழு வருடம் இருந்தவருக்கு அதற்கு மேல் வாக்குமூலம் தேவையில்லை.

மேஜர் திரையைப் பார்த்துப் பேசினார். "அம்மா, வெளியே வர்றதும் வராததும் உன் இஷ்டம். நீ வரலேன்னா நான் யாரையும் கைகாட்ட மாட்டேன்."

பிறகு திரை விலகியது. வெள்ளை முக்காடு, மாவு ஒட்டிய கை. பெர்மெத் வந்து மாமியாருக்குப் பக்கத்தில் நின்றாள்.

"பார்த்தீங்களா!" என்று எசென்குல் பாய்ந்தார். ஏழு டிரைவர்கள் நடுவில் எப்படி முளைத்தார்கள் என்று தெரியவில்லை, முளைத்திருந்தார்கள். "தூக்கிட்டு வந்து மிரட்டி வெச்சிருக்காங்க! இங்கேயே பூட்டி வெச்சிருக்காங்க! புகார் எழுதிக் குடுக்கறேன், மொத்தக் குடும்பத்தையும்..."

"எழுதறதுன்னா அவளே எழுதட்டும்" என்றார் மேஜர். "மூணு வருஷமா அடுத்தவங்க பேச்சை எழுதினவ. 'ஈர விறகு'க்கு சப்டைட்டில் எழுதினது இந்தப் பொண்ணுதான்."

கெனேஷ் இரண்டு கையையும் நெஞ்சில் வைத்தான். "தங்கச்சி! அந்த டாக்டர்தானே கொலைகாரன்? தலையை மட்டும் ஆட்டு!"

மேஜர் குறிப்பேட்டில் ஒரு தாளைக் கிழித்துப் பேனாவோடு நீட்டினார். "யார் வீட்டுல இருக்கே, யார் இஷ்டத்துல இருக்கே. உன் கையால எழுது. கையெழுத்துப் போட ஏழு சாட்சி இருக்காங்க."

பெர்மெத் மேசையில் குனிந்தாள். பேனா வேகமாக ஓடியது. பிறகு நின்றது. தாளைப் பார்த்தாள். பேனா இறங்கியது, எழுதாமல் எழும்பியது.

"பார்த்தீங்களா, எழுத வரல!" என்றார் எசென்குல். "பயம்! நான்தான் சொன்னேனே!"

வெளியே லோடர் வந்து நிற்கும் சத்தம். பெர்மெத் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, உதட்டைக் கடித்து, ஒரு வரியை எழுதி முடித்தாள்.

மேஜர் உரக்கப் படித்தார்: "பெர்மெத் ஆகிய நான், என் சொந்த விருப்பத்தோடு, மரம் பிளப்பதன் பெயர் கொண்டவருடைய வீட்டில், அவர் மகன் ஏர்மெக்கின் மனைவியாக இருக்கிறேன்."

முதலில் சிரித்தது குல்சுன் அம்மாள். சிரித்துக்கொண்டே முக்காட்டு நுனியால் கண்ணைத் துடைத்தார். அப்புறம் ஏழு பேரும் சிரித்தார்கள். கூரையில் மிச்சமிருந்த பனி அந்தச் சத்தத்தில்தான் விழுந்தது, என் தவறல்ல.

"மிரட்டினா பேரை நேரா எழுதியிருப்பா ஐயா" என்றேன் எசென்குல்லிடம். "பயப்படறவளுக்கு இவ்வளவு பொறுமை வராது."

கதவு திறந்தது. புருவத்தில் பனிக்கட்டி தொங்க ஓர் இளைஞன் நின்றான். எங்கள் எல்லோரையும் பார்த்தான், கடைசியில் மனைவியைப் பார்த்தான். "என்ன கூட்டம்? யாருக்கு என்ன ஆச்சு?"

"பல்வலி" என்றாள் பெர்மெத். "போயிடுச்சு."

ஏழு டிரைவர்களும் வரிசையில் நின்று தாளில் கையெழுத்துப் போட்டார்கள். மேஜர் பதினைந்தாவது விலங்கைப் பையின் அடியில் தள்ளினார். "என் கார்ல உங்களுக்கு இடம் இல்ல" என்று எசென்குல்லிடம் சொன்னார். எந்த லாரியிலும் இடமில்லை என்று தெரிந்தது. கடைசியில் கெனேஷ் மனம் இரங்கினான். "வெங்காய மூட்டைக்குப் பக்கத்துல உட்காருங்க. ஒஷ் வரைக்கும் அழுதாலும் யாரும் காரணம் கேட்க மாட்டாங்க."

அவர் போய் லாரியில் ஏறி உட்கார்ந்தார்.

நான் டிவியிலிருந்து பென் டிரைவைப் பிடுங்கக் கை வைத்தேன்.

"அதை விடு" என்றது ஒரு குரல்.

பால்தாபாய் நாற்காலியைத் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தார். மூன்று நாளில் முதல் தடவையாக அவர் முகத்தைப் பார்த்தேன். மனைவியிடம் கையை நீட்டினார். குல்சுன் அம்மாள் தன் கண்ணாடியைக் கொடுத்தார்.

"பெரியப்பா, முதல் பாகத்துலேருந்து போடவா?" என்று கேட்டான் கெனேஷ்.

"ஏழாவதைப் போடு."

நார்வேக்காரர் கொட்டகைக் கதவைத் திறந்தார். சுவரில் ஆணி. பெரியவர் எழுந்து டிவிக்குப் பக்கத்தில் போய், கீழே ஓடும் எழுத்தை விரலால் தொட்டு, உதடு அசைய, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிப் படித்தார். முடித்துவிட்டுத் தலையிலிருந்த வெள்ளைத் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அந்த இடத்தைத் திரும்பப் போடு."

போட்டேன். மூன்று தடவை. சமையலறைப் பக்கம் அவர் திரும்பவே இல்லை. பெர்மெத்தும் தேநீர் ஊற்றுகிற சாக்கில் நிமிரவே இல்லை.

பாதை திறந்து ஒரு மணி நேரம் ஆகிவிட்டது. ஏழு லாரியில் ஒன்றுகூடக் கிளம்பவில்லை. எட்டாம் பாகம் தொடங்கியது. டாக்டர்தான் கொலைகாரன் என்று நான் சூப்பைப் பந்தயம் வைத்தேன். வெளியே வெங்காய லாரியிலிருந்து ஹாரன் அலறிக்கொண்டே இருந்தது.

பால்தாபாய் டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டார்: "யாருப்பா அது, படிக்க விடாம?"